மதிப்பிடுதல்: ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பல ஆங்கிலச் சொற்கள்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போ செல்லும் பழைய நெடுஞ்சாலையில் பீடோரைக் கடப்பவர்கள் சாலையோரக் கொய்யாக் கடைகளைக் காணத் தவறுவதில்லை. வண்டியை நிறுத்தி இறங்கும் பயணி ஒரு பழத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். ‘இது நல்ல பழம்’ என்று முடிவு செய்கிறார். கடைக்காரரோ பெரியவை, நடுத்தரமானவை, சிறியவை எனப் பழங்களை முன்னரே வெவ்வேறு குவியல்களாகப் பிரித்து வைத்திருக்கிறார். “இந்தப் பை மூன்று கிலோ இருக்குமா?” என்று பயணி கையால் தூக்கிப் பார்த்துக் கேட்கிறார். கடைக்காரர் தராசில் வைத்து, “இரண்டே முக்கால்” என்கிறார்.

இச்சிறு வாணிகத்தில் நான்கு ஆங்கில வினைச்சொற்கள் அடங்கியுள்ளன. பழம் நல்லதென்று பயணி முடிவு செய்தது ‘ஜட்ஜ்’. கடைக்காரர் தரம் பிரித்தது ‘கிரேட்’. கையால் தூக்கிப் பார்த்து உத்தேசமாகச் சொன்னது ‘எஸ்டிமேட்’. தராசில் நிறுத்தது ‘வெய்’. இந்நான்கில் விலையை முடிவு செய்தது எது? தராசுதான். பயணியின் உத்தேசத்துக்குக் கடைக்காரர் காசு கேட்கவில்லை, பயணியும் கொடுக்கவில்லை.

இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் இன்றைய பாடம் எளிதாகும். ஆங்கில அகராதியைத் திறந்து ‘எஸ்டிமேட்’, ‘அசெஸ்’, ‘இவேலுவேட்’, ‘அப்ரைஸ்’, ‘வேல்யூ’ ஆகிய ஐந்தையும் தேடினால், ஐந்துக்கும் ‘மதிப்பிடு’ என்ற ஒரே பொருள் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். தமிழில் சொற்பஞ்சம் என்று இதற்குப் பொருளன்று. எடை போடுதல், தரம் பிரித்தல், உரைத்துப் பார்த்தல், கணித்தல், சீர்தூக்குதல் என நம் மொழியிலும் தனித்தனிச் சொற்கள் உண்டு. சீர்தூக்குதல் என்பதே தராசிலிருந்து பிறந்த சொல்தான்; நடுவு நிலைமையைச் சொல்ல வந்த வள்ளுவரும் துலாக்கோலையே எடுத்துக்காட்டினார். ஆயினும் அலுவலகக் கடிதம் ஒன்றை அவசரமாக மொழிபெயர்க்கும்போது நம் நாவில் முதலில் வந்து நிற்பது ‘மதிப்பிடு’ என்பதே. அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

அத்தொல்லையை நான் நேரில் கண்டவன். பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் இருந்த பெரியவர் ஒருவர் வேலையின்போது விபத்தில் சிக்கி இரு விரல்களை இழந்தார். சில மாதங்கள் கழித்து அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. நான் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவன்; எங்கள் லயங்களில் ஆங்கிலம் படித்தவன் என்ற பெயர் எனக்கு. கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து, “தம்பி, என்ன எழுதியிருக்கிறார்கள், படித்துச் சொல்லப்பா” என்றார். மருத்துவர்கள் அவருடைய இழப்பை இத்தனை விழுக்காடு என ‘அசெஸ்’ செய்திருப்பதாகக் கடிதம் கூறியது. நானோ, “உத்தேசமாக இவ்வளவு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், ஐயா” என்றேன். ‘உத்தேசமாக’ என்பது கடிதத்தில் இல்லாத சொல். நானாகச் சேர்த்தது.

பெரியவர் அதை அப்படியே நம்பினார். உத்தேசக் கணக்கு இப்போது வந்திருக்கிறது, சரியான கணக்கு பின்னர் வரும் என்று காத்திருந்தார். விழுக்காடு குறைவு என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. “முடிவான கடிதம் வரட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மற்றொரு கடிதம் வரவேயில்லை. வந்ததே முடிவான கடிதம். அதை மறுத்து மேல்முறையீடு செய்யக் கொடுக்கப்பட்டிருந்த காலம், நாங்கள் அதை அறியும் முன்னரே கடந்து போயிற்று. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் அது மறக்கவில்லை.

‘எஸ்டிமேட்’ என்றால் கையிலுள்ள செய்தியைக் கொண்டு ஏறக்குறைய ஒரு கணக்கைச் சொல்லுதல். அது யாரையும் கட்டுப்படுத்தாது; பின்னர் மாறலாம். கூரை பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று தச்சரைக் கேட்டால் அவர் தருவது எஸ்டிமேட். ‘அசெஸ்’ அப்படிப்பட்டதன்று. அதிகாரம் பெற்ற ஒருவரோ ஒரு குழுவோ விதிகளின்படி ஆராய்ந்து ஒரு தொகையையோ அளவையோ நிர்ணயித்தல் அது. நிர்ணயித்தபின் அது நடைமுறைக்கு வரும். அதனை ஏற்காதவர் அதற்குரிய காலத்துக்குள் அதற்குரிய இடத்தில் முறையிட வேண்டும். இச்சொல்லின் வேர் இலத்தீனில் ‘அருகில் அமர்தல்’ என்பதாகும். நீதிபதியின் அருகே அமர்ந்து, யார் எவ்வளவு வரி செலுத்த வேண்டும் என்று முடிவு செய்ய உதவியவரின் வேலையைக் குறித்தே இது வழக்கில் வந்தது. அதிகாரத்தின் அருகில் அமர்ந்த சொல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சொக்சோ எனவும் பெர்கேசோ எனவும் நாம் அழைக்கும் அமைப்பு 1971இல் தோன்றியது. வேலை விபத்தால் நிரந்தர ஊனம் ஏற்பட்டால், அதன் அளவை விழுக்காட்டில் நிர்ணயிப்பது ‘ஜெமாஆ டோக்டர்’ எனும் மருத்துவர் குழு. அக்குழுவின் முடிவில் நிறைவு இல்லாதவர் ‘ஜெமாஆ டோக்டர் ராயுவான்’ எனும் மேல்முறையீட்டு மருத்துவர் குழுவிடம் செல்ல வழி உண்டு. விழுக்காடு எவ்வளவு என்பது சிறு செய்தியன்று. 20 விழுக்காட்டுக்கு மேற்படாத இழப்புக்கு உதவித்தொகை ஒரே தடவையில் வழங்கப்பட்டு முடிந்துவிடும். அதற்கு மேற்பட்டால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகப் பெற்று, எஞ்சியதை வாழ்நாள் முழுதும் காலந்தோறும் பெறும் நிலை உண்டாகிறது. ஆகவே ‘அசெஸ்’ என்ற சொல்லைக் கண்டவுடன் கடிதத்தில் உள்ள தேதியை முதலில் பாருங்கள். முறையீட்டுக்கான நாள்கள் எண்ணப்படுவது அதைக் கொண்டுதான்.

இக்காலத்தில் இத்தகைய கடிதங்கள் பெரும்பாலும் மலாய் மொழியிலேயே வருகின்றன. மலாயில் ‘அங்கார்’ என்பது எஸ்டிமேட். ‘தக்சிர்’ என்பது அசெஸ். ‘நிலாய்’ என்பது வேல்யூ, இவேலுவேட் இரண்டுக்கும் வரும். ‘திம்பாங்’ நிறுத்தல், ‘ஊக்கூர்’ அளத்தல், ‘ஊஜி’ சோதித்தல். இங்கே ஓர் எச்சரிக்கை: பேச்சு வழக்கில் ‘தக்சிர்’ என்பதை உத்தேசம் என்ற பொருளிலும் சொல்வர். கடைத்தெருவில் அது சரி. அலுவலகத் தாளில் அவ்வாறு கொள்ளலாகாது.

இனிப் பால் கொட்டகைக்குச் செல்வோம். நம் தொழிலாளர்களுக்கு இப்பாடத்தின் பெரும்பகுதி அங்கேயே, அன்றாடம் கண்முன் நடந்துவருகிறது.

காலையில் வெட்டிய பாலை வாளியில் கொண்டுவந்து ஊற்றுகிறோம். முதலில் பால் நிறுக்கப்படுகிறது, அது ‘வெய்’. ஆனால் பால் முழுவதும் ரப்பர் அன்று. வயலிலிருந்து வரும் பாலில் காய்ந்த ரப்பர் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மரத்தின் இனம், வயது, பருவம், மழை ஆகியவற்றுக்கேற்ப இது மாறும். இதைக் கண்டறிய இரு வழிகள் உண்டு. ஒன்று மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி. ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகையால் ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக அமிழும், நீர் மிகுந்த பாலில் மேலே நிற்கும். கருவியின் தண்டில் உள்ள கோட்டைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறார்கள். பாலில் நுரை இருந்தாலும், பால் திரியத் தொடங்கியிருந்தாலும், வெப்பம் மாறியிருந்தாலும் கோடு சற்று முன்பின்னாகக் காட்டும். ஆகவே, கருவியைக் கொண்டு பார்த்த போதிலும் இது ‘எஸ்டிமேட்’தான். கருவி என்றாலே துல்லியம் என்று எண்ணுவது நம்மிடையே உள்ள ஒரு மயக்கம்.

மற்றொரு வழி, பாலில் சிறிதளவு மாதிரி எடுத்து நிறுத்து, அமிலம் இட்டு உறையவைத்து, மெல்லிய தகடாக அழுத்திக் கழுவி, அடுப்பில் உலர்த்தி, மீண்டும் நிறுத்துப் பார்ப்பது. முதல் எடையில் இரண்டாம் எடை எத்தனை விழுக்காடு என்பது காய்ந்த ரப்பரின் அளவு. இதனை ஆங்கிலத்தில் ‘டிட்டர்மின்’ என்பர். ஐயத்துக்கு இடமின்றிக் கண்டறிதல் என்பது பொருள். இதற்கு நேரம் ஆகும். அன்றே விடை கிடைக்காது. விரைவுக்கு மெட்ரோலாக், உறுதிக்கு உலர்த்திய மாதிரி.

இவ்வேறுபாடு எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நாளொன்றுக்கு 20 கிலோ பால் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 35 விழுக்காடு என்றால் காய்ந்த ரப்பர் 7 கிலோ. 32 விழுக்காடு என்றால் 6 கிலோ 400 கிராம். வேறுபாடு 600 கிராம்தான். 25 வேலை நாள்களில் அது 15 கிலோ ஆகிவிடுகிறது. எனவே கிராணியிடம் ஐயம் கேட்கும்போது, “எப்படி மதிப்பிட்டீர்கள்?” என்று பொதுவாகக் கேட்காமல், “இது மெட்ரோலாக் கணக்கா, உலர்த்திப் பார்த்த கணக்கா?” என்று கேட்பது நலம். கேள்வி கூர்மையாக இருந்தால் விடையும் கூர்மையாக வரும், சண்டைக்கும் இடமிராது.

ரப்பர்த் தகடுகளின் வரலாறும் இவ்வினைச்சொற்களின் வரலாறே எனலாம். முற்காலத்தில் புகையூட்டிய தகடுகளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, குமிழி உண்டா, தூசி உண்டா, பூஞ்சணம் பிடித்துள்ளதா, நிறம் எப்படி என்று கண்ணால் பார்த்தே ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்தனர். தேர்ந்த கண் உடையவர் செய்தால் அது நல்ல வேலைதான். ஆனால் பார்வைக்கு அழகான தகடு, தொழிற்சாலையில் டயராக மாறும்போது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கண் சொல்லாது. வாங்குவோர் அதைத்தான் அறிய விரும்பினர். இதனால் 1965ஆம் ஆண்டில் மலேசியா தரநிர்ணய ரப்பர்த் திட்டத்தைத் தொடங்கியது, எஸ்.எம்.ஆர். என்று பொதிகளில் நாம் காணும் எழுத்துகள் அதனைக் குறிப்பவை. கண்ணால் ‘ஜட்ஜ்’ செய்த இடத்தில் ஆய்வுக்கூடத்தில் ‘டெஸ்ட்’ செய்யும் முறை வந்தது. அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு, சூடேற்றியபின் நெகிழ்வுத் தன்மை எவ்வளவு எஞ்சுகிறது என்பனவற்றை அளந்து, அவ்வளவுகளைக் கொண்டே ‘கிரேட்’ செய்தனர்.

எஸ்.எம்.ஆர். 5, எஸ்.எம்.ஆர். 20 என்பவற்றில் உள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன என்று பலர் கேட்பதுண்டு. அவை அழுக்கின் வரம்பிலிருந்து வந்தவை. ஐந்து என்றால் நூற்றுக்கு 0.05 பங்குக்கு மேல் அழுக்கு இருக்கலாகாது. இருபது என்பது தொடக்கத்தில் 0.20 பங்கைக் குறித்தது. வரம்பு பின்னர் இன்னும் இறுக்கப்பட்டது, பெயர் மட்டும் பழையபடியே நின்றது. எண் கூடக் கூடத் தரம் குறைவு. பள்ளி மதிப்பெண்ணுக்கு நேர்மாறானது! மங்கில் விழுந்த பட்டைத் துண்டும், ஒட்டுப்பாலோடு சேர்த்து அள்ளிய மண்ணும் எங்கே போகின்றன என்று நினைக்கிறீர்கள்? அந்த எண்ணுக்குள்தான் போகின்றன.

இங்கே ‘டெஸ்ட்’, ‘கிரேட்’, ‘ஜட்ஜ்’ மூன்றும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். டெஸ்ட் என்பது உண்மையைக் கேட்பது. அது நல்லது கெட்டது என்று சொல்லாது, எண்ணை மட்டும் தரும். கிரேட் என்பது முன்னரே வகுத்த வரம்புகளின்படி வகைப்படுத்துவது. ஜட்ஜ் என்பது எல்லாவற்றையும் பார்த்தபின் ஒருவர் தம் அறிவைக் கொண்டு முடிவுக்கு வருவது. பீடோர் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்கள் பலவற்றில் இன்று ரப்பருக்குப் பதில் செம்பனை நிற்கிறது. அங்கும் ஆலைக்குச் செல்லும் குலைகளைப் பழுத்தது, பழுக்காதது எனப் பிரிப்பது ‘கிரேட்’தான்.

‘டெஸ்ட்’ என்ற சொல்லின் பழம்பொருள் சுவையானது. இலத்தீனில் அதன் மூலச்சொல் ஒரு மண்பாத்திரத்தின் பெயர். பொன்னையும் வெள்ளியையும் அதிலிட்டு உருக்கி மாசு உண்டா என்று கண்டனர். பாத்திரத்தின் பெயரே பின்னர்ச் செயலுக்கு ஆயிற்று. நம் பொற்கொல்லரின் உரைகல்லைப் போன்றது என்க. ‘எக்ஸாமின்’ என்பதும் இப்படியே: அதன் வேர்ச்சொல் துலாக்கோலின் நடுவே நிற்கும் முள்ளைக் குறிக்கும். தமிழில் அதைத் துலாக்கோலின் ‘நா’ என்போம். பிள்ளைகள் ‘எக்ஸாம்’ என்று அஞ்சும் சொல்லுக்குள் ஒரு தராசு இருக்கிறது! உலோகத்தை ஆய்வதற்கு உரிய ‘அஸ்ஸே’ என்ற சொல்லும் உண்டு. பேராக்கில் ஈயச் சுரங்கங்கள் செழித்திருந்த நாளில் அது பலருக்கும் பழக்கமான சொல். பீடோர், தாப்பா பக்கத்து ஈய மணலும் அவ்வாறே ஆயப்பட்டு, எத்தனை விழுக்காடு ஈயம் என்று தெரிந்த பிறகே விலை பேசப்பட்டது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுரங்கங்கள் மூடப்பட, சொல்லும் ஊரை விட்டுப் போயிற்று.

தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்தில் சொந்த வீடு வாங்கியுள்ளவர்களுக்கு ஒரு தாள் ஆண்டுக்கு இருமுறை வருகிறது: ‘சுக்காய் தக்சிரான்’, அதாவது வீட்டு மதிப்பீட்டு வரி. பீடோர் வட்டாரத்தில் இதனை விதிப்பது தாப்பா மாவட்ட மன்றம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் இவ்வரி கணக்கிடப்படும் முறையில் நம் பாடத்தின் மூன்று சொற்களும் வரிசையாக நிற்கின்றன. அவ்வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் ‘எஸ்டிமேட்’ செய்கிறார்கள். அதைக் கொண்டு வீட்டின் ஆண்டு மதிப்பை ‘வேல்யூ’ செய்கிறார்கள். அம்மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று வரியை ‘அசெஸ்’ செய்கிறார்கள். எடுத்துக்காட்டாக, மாத வாடகை 500 வெள்ளி என்றால் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. விகிதம் 6 விழுக்காடாயின் வரி 360 வெள்ளி. அரையாண்டுக்கு 180 வெள்ளி.

“வரி அதிகம்” என்று முகப்பிடத்தில் நின்று முறையிடுவோர் உண்டு. எது அதிகம்? ஒரே பகுதியிலுள்ள ஒரே வகை வீடுகளுக்கு விகிதம் பொது. அண்டை வீட்டைவிட உங்கள் வீட்டின் ஆண்டு மதிப்பு கூடுதலாகக் குறிக்கப்பட்டிருந்தால், குறை ‘வேல்யூ’ செய்ததில் இருக்கிறது. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கப்பட்டு அறிவிப்பு வரும்போது, அதில் கண்ட காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்க வேண்டியது அதைத்தான். அவ்வகை வீடுகளில் வாடகை என்ன என்பதற்குச் சான்று இருந்தால் இணைக்கலாம்.

வருமான வரி செலுத்தும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் ‘செல்ஃப் அசெஸ்மென்ட்’ என்ற தொடரையும் கேட்டிருப்பீர்கள். தனிநபர்களுக்கு இம்முறை 2004ஆம் ஆண்டில் வந்தது. தம் வரியைத் தாமே உத்தேசிப்பது என்று இதைக் கொள்ளலாகாது. முன்பு அதிகாரி செய்த நிர்ணயத்தை இப்போது வரி செலுத்துவோரே செய்து, அதற்குப் பொறுப்பும் ஏற்கிறார். அசெஸ் என்ற சொல்லின் கனம் அப்படியே இருக்கிறது.

‘இவேலுவேட்’ என்பது ஒன்றின் பயனும் தகுதியும் எவ்வளவு என்று பலவற்றையும் சேர்த்துப் பார்த்து உணர்தல். புதிய ரப்பர் இனம் ஒன்றை நடவு செய்து, பல ஆண்டு பால் கண்டு, நோய் தாங்குகிறதா, காற்றுக்கு நிற்கிறதா, பட்டை விரைவில் வளர்கிறதா என்றெல்லாம் ஆராய்ந்து, பரவலாக நடத் தக்கதா என்று பார்ப்பது இவேலுவேட். 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் செய்துவந்த வேலைகளில் இது முக்கியமானது. எண் ஒன்று மட்டும் இதற்குப் போதாது, காலமும் வேண்டும்.

பள்ளியிலும் இன்று இவ்வேறுபாடு நமக்கு எதிரே நிற்கிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், பி.டி.3 தேர்வு 2022இலும் அகற்றப்பட்டன. ஆண்டு முழுதும் ஆசிரியர் வகுப்பில் மாணவனைக் கவனித்து அடைவுநிலையை ஒன்று முதல் ஆறு வரை குறிக்கும் ‘பெந்தக்சிரான்’ முறை நடப்பில் உள்ளது. இச்சொல்லிலும் ‘தக்சிர்’ இருப்பதைக் காண்க. பிள்ளைக்கு மூன்று கிடைத்தது என்றால், அவன் அறிவிலி என்று யாரும் ‘ஜட்ஜ்’ செய்துவிடவில்லை. இதுவரை எட்டிய படி அது. அடுத்த படிக்கு என்ன தேவை என்று ஆசிரியரிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

எஞ்சியவற்றை விரைவாகப் பார்ப்போம். ‘அப்ரைஸ்’ என்பது தேர்ந்தவர் பார்த்து விலையோ தகுதியோ சொல்வது. அடகுக்கடையில் சங்கிலியைப் பார்ப்பதும் அதுவே. ஈப்போ தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஆண்டிறுதியில் நடக்கும் ‘அப்ரைசல்’ என்பதும் அதுவே. ‘அப்ரிஷியேட்’ இருபொருள் தரும். நாணயமோ நிலமோ அப்ரிஷியேட் ஆகிறது என்றால் அதன் மதிப்பு உயர்கிறது. “உங்கள் சேவையை அப்ரிஷியேட் செய்கிறோம்” என்று நிர்வாகம் எழுதினால் நன்றி பாராட்டுகிறது என்பதே பொருள். சம்பளத்தில் ஒரு காசு கூடியதாக எண்ணிக்கொண்டு கடைக்குப் போய்விட வேண்டாம்.

பயிற்சிக்காகக் கீழ்வரும் நான்கு செய்திகளைத் தருகிறோம். ஒவ்வொன்றிலும் ‘மதிப்பிடு’ என்பதற்குப் பதிலாக எந்த ஆங்கிலச் சொல் வர வேண்டும் என்று வீட்டிலுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து எழுதிப் பாருங்கள். விடைகள் அடுத்த இதழில். மழை வருமுன் இன்று எத்தனை மரம் வெட்டி முடியும் என்று மண்டோர் மதிப்பிட்டார். ஆய்வுக்கூடத்தார் பொதியிலுள்ள அழுக்கை மதிப்பிட்டனர். மருத்துவர் குழு தோள்பட்டைக் காயத்தை 15 விழுக்காடு என மதிப்பிட்டது. வங்கி அதிகாரி, கடன் கேட்டவரின் வீட்டைச் சுற்றிப் பார்த்து விலை மதிப்பிட்டார்.